ரேஸில் முடிவை மாற்றினால் காரணத்தையும் சொல்ல வேண்டாமா?

சிங்கிள்ட்ரீ அடிவாரம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியாவில் ரேஸ் பார்க்கிறவர்கள், குதிரை லாயத்தில் வேலை செய்தவர்கள், வெளிநாட்டு ரேஸ் கோர்ஸ் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுங்கள். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம் இது.

ஓட்டம் முடிகிறது. ஒரு குதிரை முதலில் வந்ததை எல்லாரும் கண்ணால் பார்க்கிறோம். அப்புறம் ஸ்டூவர்ட்மார், அதாவது ரேஸ் நடுவர்கள், ஒரு அறைக்குள் போய் வீடியோ பார்த்து, குதிரை ஓட்டிய ஜொக்கிகளைக் கூப்பிட்டு விசாரித்து, முடிவை மாற்றுகிறார்கள், இல்லாவிட்டால் அப்படியே விடுகிறார்கள். மாற்றுவது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் என்ன பார்த்தார்கள், எந்த விதியை எடுத்தார்கள், எந்தக் குதிரை எந்தக் குதிரையை எந்த இடத்தில் தடுத்தது என்பதை வெளியில் நிற்கிற எங்களுக்கு எழுத்தில் தருவதற்கு என்ன தடை?

உதாரணத்துக்கு 2019 மே மாதம் அமெரிக்காவில் நடந்த கென்டக்கி டெர்பி என்ற பெரிய ரேஸை எடுத்துக்கொள்ளுங்கள், யூடியூபில் இருக்கிறது, பார்க்காதவர்கள் பாருங்கள். மெக்ஸிமம் செக்யூரிட்டி என்ற குதிரை முதலில் வந்தது. கடைசி வளைவில் அது வெளிப்பக்கம் விலகி மற்றக் குதிரைகளின் வழியை மறித்தது என்று இரண்டு ஜொக்கிகள் ஒப்ஜெக்ஷன், அதாவது ஆட்சேபம், போட்டார்கள். சுமார் 22 நிமிடம் எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில் அந்தக் குதிரையை 17ஆவது இடத்துக்குத் தள்ளிவிட்டு, இரண்டாவதாக வந்த கன்ட்ரி ஹவுஸை ஜெயித்ததாக அறிவித்தார்கள். பந்தயத்தில் ஒன்றுக்கு 65 என்று, ஜெயிக்கும் என்று எதிர்பார்க்காமல் கிடந்த குதிரை அது. தலைமை ஸ்டூவர்ட் வந்து ஒரு சின்ன அறிக்கையை வாசித்தார், மூன்று பேரும் ஒரே முடிவு என்றார், கேள்வி எதையும் எடுக்காமல் போய்விட்டார். அவ்வளவு பெரிய ரேஸ், உலகமே பார்த்தது. குதிரைச் சொந்தக்காரர் மேல்முறையீடு கேட்டபோது, ஓட்டத்தில் நடந்த தவறு பற்றி ஸ்டூவர்ட்மார் சொன்னதுதான் இறுதி, அதற்கு மேல்முறையீடே கிடையாது என்று விதியைக் காட்டினார்கள். கோர்ட்டுக்குப் போனார், 2020 ஆகஸ்டில் மேல் கோர்ட்டும் அதையே சொல்லிவிட்டது.

முடிவு சரியாகவே இருக்கலாம். எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் இறுதியான அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும்போது, அவர்தான் மற்ற எல்லாரையும்விட விரிவாகக் காரணம் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இதை இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் டவுனில் ஒரு புக்கி கடையில், அதாவது பந்தயம் பிடிக்கிற கடையில், நடந்தது ஒன்று. இங்கிலாந்து ரேஸ் ஒன்றில் முதலில் வந்த குதிரையைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அதில் பந்தயம் வைத்திருந்த ஒரு பெரியவர், தோட்டத்தில் ரிட்டயர் ஆனவர், பந்தயத் துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார், ஏன் மாற்றினார்கள் என்று. ஒருத்தருக்கும் தெரியவில்லை. கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் திரையில் வருகிற இலக்கம் மட்டும்தான் வருகிறது. பக்கத்தில் நின்ற ஒருவர் "எல்லாம் கள்ள ரேஸ்" என்றார், பெரியவரும் அதை நம்பிக்கொண்டு போனார். அந்த முடிவு நூற்றுக்கு நூறு நேர்மையாக இருந்திருந்தாலும் இங்கே அது கள்ள ரேஸ் ஆகிவிட்டது.

காரணத்தை வெளியே சொல்கிற ஊர் எங்காவது இருக்கிறதா? சொல்வதால் நன்மையா, வீண் சண்டையா? ஏப்ரல் சீசனில் நம்ம ஊர் ரேஸுக்கும் இப்படி ஒரு வழக்கம் வேண்டும் என்று நாம் கேட்கலாமா?

பழைய சைஸ்

தம்பி, நல்ல கேள்வி. நான் வாலிபத்தில் நுவரெலியாவிலும் அப்புறம் இந்தியாப் பக்கமும் லாயத்தில் சைஸாக இருந்தவன். குதிரைக்குத் தண்ணி காட்டி, உடம்பு தேய்த்து, பந்தயத்தன்று கயிறு பிடித்து நடத்திக்கொண்டு போகிறவன். அந்த அறைக்குள் நான் போனதில்லை. ஆனால் போய் வந்த ஜொக்கிகளோடு எப்போதும் பேசியிருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்கிறேன். வேலியோரத்தில் நிற்கிற நமக்கு ஓட்டம் பக்கவாட்டில்தான் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு குதிரை நெருங்கி ஓடுவது தெரியும், எது எதன் பாதையில் சாய்ந்தது என்று தெரியாது. அது நேர் எதிரே வைத்த கமராவில்தான் தெரியும். அதில் பார்த்தால் ஒரு குதிரை நாலு குதிரை அகலத்துக்கு விலகி வந்திருக்கும், நாம் இங்கே நின்று "நேராகத்தானே ஓடிச்சு" என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருப்போம். அதனால் ஸ்டூவர்ட்மார் நாம் பார்த்ததற்கு மாறாக ஒரு முடிவு சொன்னால் அதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் பார்த்த படம் வேறு. அந்தப் படத்தை நமக்கும் காட்டினால் பாதிப் பேர் அங்கேயே வாயை மூடிக்கொள்வார்கள்.

அவர்கள் என்ன பார்ப்பார்கள் தெரியுமா? ஜொக்கி சாட்டையை எந்தக் கையில் வைத்திருந்தான் என்று பார்ப்பார்கள். வலது கையால் அடித்தால் குதிரை இடது பக்கம் சாயும். சாயத் தொடங்கியதும் அவன் அடிப்பதை நிறுத்தி, கடிவாளத்தைப் பிடித்து நேராக்கினானா, இல்லை ஜெயிக்கிற வெறியில் தொடர்ந்து அடித்தானா? தடுக்கப்பட்டதாகச் சொல்கிறவன் நிஜமாகவே குதிரையை இழுத்துப் பிடிக்க வேண்டி வந்ததா, இல்லை தோற்கப் போகிறோம் என்று தெரிந்து எழுந்து நின்று நாடகம் போட்டானா? நிஜமாக இழுத்தால் குதிரையின் தலை மேலே போகும், வாய் திறக்கும், கால் ஒழுங்கு மாறும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பழகியவர் யாருக்கும் புலப்படும். இதை நாலு வரியில் எழுத முடியாதா? "இத்தனையாம் இலக்கக் குதிரை, கடைசி 200 மீட்டரில், ஜொக்கி வலது கையால் சாட்டை போட்டபோது உள்ளே சாய்ந்தது, பக்கத்துக் குதிரையை இழுத்துப் பிடிக்க வேண்டி வந்தது, வித்தியாசம் கழுத்தளவு, ஆகையால் இடம் மாற்றப்பட்டது." முடிந்தது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

நெருக்கமாக வந்தால் எது முந்தியது என்று பார்க்கிற போட்டோ பினிஷும் அப்படித்தான். அது சாதாரணப் போட்டோ இல்லை. அந்தக் கமரா வெற்றிக் கோட்டை மட்டும், ஒரு நூல் அகலத்துக்கு, விடாமல் பதிந்துகொண்டே இருக்கும். கோட்டைத் தொடுகிற நேரத்து மூக்கு, அதற்கு அடுத்த நொடித்துளியில் கழுத்து, அப்புறம் உடம்பு, இப்படி வரிசையாகச் சேர்ந்துதான் படம் ஆகிறது. அதனால் சில சமயம் கால் எல்லாம் வளைந்து கோணலாகத் தெரியும். அதைப் பார்த்து "படத்தில் கை வைத்துவிட்டார்கள்" என்று சொன்னவர்களை நான் கேட்டிருக்கிறேன். கோட்டுக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் முன்னால் வந்த குதிரை பின்னாலும், பின்னால் வந்தது முன்னாலும் தெரியும், இது கண்ணின் கோளாறு, யாரும் தப்ப முடியாது. படத்தை ஒட்டிவிட்டு, கீழே இப்படித்தான் எடுக்கப்பட்டது என்று ஒரு வரி போட்டால் போதும்.

கடைசியாக எனக்கு வலிக்கிற விஷயம் ஒன்று. ஓட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஜொக்கியைச் சேணத்தோடு நிறுப்பார்கள். கொடுத்த எடை சேராவிட்டால் ஈயத் தகடு வைத்துச் சரி பண்ணுவார்கள். திரும்பி வந்து நிறுக்கும்போது எடை குறைந்திருந்தால் குதிரை அவுட். தகடு வழியில் விழுந்திருக்கலாம், சேணம் கட்டியதில் தவறு இருக்கலாம், ஜொக்கியே ஏதாவது செய்திருக்கலாம். "எடைக் குறைவு, நீக்கப்பட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் லாயத்தில் முதலில் யாரைப் பார்ப்பார்கள்? சைஸைத்தான். சேணத்தைத் தொட்டவன் யார், காசு வாங்கினவன் யார் என்று அன்று இரவே பேச்சு வந்துவிடும். காரணம் இல்லாத முடிவில் பழி மேலே இருக்கிறவர்கள் மீது விழுவதே இல்லை தம்பி. எவ்வளவு குறைந்தது, தகடு எங்கே கிடைத்தது, யாரை விசாரித்தார்கள் என்று எழுத்தில் வந்தால் அந்தப் பையன் தலை நிமிர்ந்து அடுத்த லாயத்தில் வேலை கேட்கலாம்.

பண்டாரவளை டு ஷாட்டின்

சைஸ் ஐயா சொன்னதைப் படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. அந்த எடை விஷயத்தை யாரும் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

அண்ணா, நீங்கள் கேட்ட "எங்காவது இருக்கிறதா" என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். நான் ஹொங்கொங்கில் வேலை பார்த்தவன், ரேஸ் கோர்ஸில் இல்லை, வேறு வேலை, ஆனால் அங்கே இருக்கிற ஷாட்டின், ஹெப்பி வெலி ரேஸ் கோர்ஸ்களுக்கு அடிக்கடி போவேன். அங்கே ரேஸ் நடத்துகிற ஜொக்கி கிளப் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி அறிக்கை போடுகிறது, இணையத்தில் யாரும் வாசிக்கலாம், ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருக்கும். ஜெயித்த குதிரை, தோற்ற குதிரை என்ற வித்தியாசம் இல்லாமல் ஓடிய குதிரைகளில் எதற்கு என்ன நேர்ந்தது என்று எழுதுவார்கள். தொடக்கக் கேட்டிலிருந்து தாமதமாகப் புறப்பட்டது, இன்ன இடத்தில் இடி வாங்கியது, முன்னால் மறைப்புக்கு வேறு குதிரை இல்லாமல் வெளிப்பக்கமே ஓடியது, இப்படி. ஒரு குதிரை எதிர்பார்த்ததைவிட மோசமாக ஓடினால் ஜொக்கியைக் கூப்பிட்டுக் கேட்டு, அவர் சொன்ன பதிலையும் அதில் போடுவார்கள். மிருக வைத்தியர் பார்த்து மூச்சுக்குழாயில் இரத்தம் இருந்தது என்று கண்டால் அதுவும் வரும். குதிரையின் வைத்தியப் பதிவேடே பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கும். தண்டனை கொடுத்தால் எதற்காக, எத்தனை ரேஸ் நாளுக்கு என்று எல்லாம் வெளியே.

அதனால் அங்கே சண்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சண்டை வேறு தரத்தில் நடக்கும். "அறிக்கையில் இரண்டு குதிரை அகலம் என்று எழுதியிருக்கிறார்கள், வீடியோவில் ஒன்றுதான் தெரிகிறது" என்று வாதாடுவார்கள். கள்ள ரேஸ் என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போகிறவனை மற்றவர்களே "அறிக்கையை வாசித்தாயா" என்று மடக்குவார்கள். ஹொங்கொங்கில் பணம் கொட்டிக் கிடக்கிறது, முழுநேரச் சம்பளத்துக்கு ஸ்டூவர்ட்மார் இருக்கிறார்கள், நம்ம ஊரில் வருஷத்தில் சில நாள் நடக்கிற ரேஸோடு அதை ஒப்பிட முடியாது என்று யாராவது சொல்வீர்கள். சரிதான். ஆனால் ஒரு ஓட்டத்துக்கு ஒரு பக்கம் எழுதப் பணம் வேண்டாம், எழுத வேண்டும் என்ற எண்ணம்தான் வேண்டும்.

இன்னொன்று. காரணம் சொல்வதற்கு முன்னால் விதி என்ன என்பதையே மக்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விதி நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஒரு வகை விதியில், தடுக்கப்பட்ட குதிரை, தடுப்பு நடக்காமல் இருந்திருந்தால் தடுத்த குதிரையை முந்தியிருக்குமா என்று கேட்பார்கள். முந்தியிருக்காது என்றால் இடம் மாறாது, ஜொக்கிக்கு மட்டும் தண்டனை. இங்கிலாந்து, ஹொங்கொங், அவுஸ்திரேலியா எல்லாம் இந்த வகை. ஜப்பான் 2013இல் இதற்கு மாறியது, பிரான்ஸும் ஜெர்மனியும் 2018இல் மாறின. அமெரிக்காவில் பெரும்பாலும் மற்ற வகை, தடுத்ததால் அந்தக் குதிரைக்கு ஒரு இடமாவது போயிற்றா என்று பார்ப்பார்கள், போயிருந்தால் தடுத்த குதிரையை அதற்குப் பின்னால் தள்ளுவார்கள். 2019 டெர்பியில் மெக்ஸிமம் செக்யூரிட்டி 17ஆவது இடத்துக்குப் போனது அந்தக் கணக்கில்தான். அதே ஓட்டம் இங்கிலாந்தில் நடந்திருந்தால் முதலிடம் அதற்கே இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஒரே சம்பவம், இரண்டு நாட்டில் இரண்டு முடிவு, இரண்டும் நேர்மையான முடிவு! இதைச் சொல்லாமல் விட்டால் பார்க்கிறவன் குழம்பாமல் என்ன செய்வான்?

மாற்றாமல் விடுவதற்கும் காரணம் வேண்டும் என்று நீங்கள் கேட்டது ரொம்பச் சரி அண்ணா. 2024 கென்டக்கி டெர்பியில் மூன்று குதிரை கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. மிஸ்டிக் டான் மூக்களவில் ஜெயித்தது, இரண்டாவது சியரா லியோன், அதற்கும் மூக்களவு பின்னால் ஜப்பான் குதிரை ஃபொரெவர் யங். நேர்கோட்டில் சியரா லியோன் சாய்ந்து சாய்ந்து ஜப்பான் குதிரையில் இடித்தது வீடியோவில் எல்லாருக்கும் தெரிந்தது. ஸ்டூவர்ட்மார் விசாரிக்கிறார்கள் என்று காட்டுகிற இன்குவாரி விளக்கு எரியவில்லை, ஒப்ஜெக்ஷனும் யாரும் போடவில்லை. அப்புறம் சில நாள் கழித்து சியரா லியோன் ஜொக்கி பக்கத்துக் குதிரையைக் கையால் தொட்டார் என்று 2,500 டொலர் அபராதம் போட்டார்கள். அன்றைக்கு ஏன் விளக்கு எரியவில்லை என்பதை அன்றைக்கே விளக்கியிருந்தால் இவ்வளவு பேச்சு வந்திருக்காது.

தலவாக்கலை பி.ரி. மாஸ்டர்

தம்பிமார் எல்லாரும் ஒரு பக்கமாகவே எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் மறுபக்கம் நின்று பேசுகிறேன், கோபிக்க வேண்டாம்.

நான் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில், வலய மட்டத்திலும் மாகாண மட்டத்திலும் நடுவராக நிற்கிறவன். முடிவு சொன்ன மறு நிமிடம் பெற்றோர், பழைய மாணவர், மற்றப் பாடசாலை மாஸ்டர்மார் எல்லாரும் சுற்றி வளைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நடுவர் வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கினால் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சண்டைக்கு விறகு. காரணம் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்போது, எந்த வடிவத்தில், யாருக்கு என்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். தடகளத்தில் அந்த ஒழுங்கு இருக்கிறது. முடிவு அறிவித்து 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும், முதலில் ரெஃப்ரியிடம், அவர் முடிவு பிடிக்காவிட்டால் எழுத்தில், 100 டொலர் வைப்புப் பணத்தோடு, மேல்முறையீட்டு ஜூரியிடம். ஆட்சேபம் நியாயமில்லை என்றால் அந்தப் பணம் போய்விடும். இப்படி வாசல் ஒன்று இருந்தால் கத்துகிறவன் குறைவான். கென்டக்கியில் கோபம் வந்ததற்கு அறிக்கை சின்னது என்பது மட்டும் காரணம் இல்லை, தட்டுவதற்குக் கதவே இல்லை என்பதும் காரணம்.

மூன்று பேரில் யார் எந்தப் பக்கம் என்று வெளியே சொல்லக் கேட்கிறவர்களும் உண்டு. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்ம பக்கம் சின்ன இடம். இன்றைக்கு முடிவு சொல்கிறவரை நாளைக்கு டவுனில், கோயிலில், பஸ்ஸில் பார்க்கிறார்கள். யார் எதிராக வாக்களித்தார் என்று தெரிந்தால் அடுத்த முறை அவர் மனசில் பட்டதைச் சொல்லத் தயங்குவார். காரணம் எல்லாருடையதாக ஒன்றாக வரட்டும்.

நடுவர் தவறினால் அதையும் எழுத வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. இங்கிலாந்தில் தடை தாண்டி ஓடுகிற பெரிய ரேஸ், 1993 கிராண்ட் நேஷனல், ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது தடவையும் தவறான தொடக்கம், தொடக்கக் கயிறு ஒரு ஜொக்கியின் கழுத்தில் சிக்கியது, திருப்பி அழைக்கிற சிவப்புக் கொடி விரியவே இல்லை, 39 குதிரைகளில் 30 தெரியாமல் ஓடிப் போய்விட்டன, ஏழு குதிரை முழுத் தூரமும் ஓடி முடித்தன, கடைசியில் ரேஸே செல்லாது என்று அறிவித்தார்கள். பந்தயப் பணம் சுமார் 75 மில்லியன் பவுண் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. நாடு முழுக்க அவமானம். ஆனால் அப்புறம் ஒரு நீதிபதியை வைத்து விசாரித்து, தொடக்க நடுவர் எங்கே தவறினார், கொடி பிடிக்க நின்றவர் எங்கே தவறினார் என்று அறிக்கை போட்டு, தொடக்க முறையையே மாற்றினார்கள். அந்த அறிக்கை வராமல் இருந்தால் அடுத்த வருஷம் யார் நம்பிப் போயிருப்பார்கள்?

ரேஸ் நடத்துகிறவரும் ரேஸில் தீர்ப்பு சொல்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, இது என் உறுதியான கருத்து. இங்கிலாந்தில் 1700களிலிருந்து அங்குள்ள ஜொக்கி கிளப்தான் எல்லாம். இந்த நூற்றாண்டில்தான் விதியும் ஒழுக்க விசாரணையும் அதன் கையிலிருந்து பிரிந்தது, 2007இலிருந்து தனி ஆணையம் பார்க்கிறது. இருநூறு வருஷத்துக்கு மேல் போனது அவர்களுக்கு. நமக்கு அவ்வளவு நாள் தேவையில்லை.

டிக்கோயாக்காரி

நான் ரேஸ் பார்க்கிறவள் இல்லை. ஆனால் இந்தப் பேச்சில் எனக்கும் பங்கு இருக்கிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் சம்பள நாள் எப்படிப் போகும் என்பதை புக்கி கடைதான் தீர்மானித்தது, பல வருஷம்.

அண்ணன்மார் ஸ்டூவர்ட் அறிக்கை பற்றிப் பேசுகிறீர்கள், நல்லதுதான். சிங்கிள்ட்ரீ அண்ணா எழுதிய அந்தப் பெரியவருக்கு அந்த அறிக்கை கிடைத்திருந்தாலும் வாசித்திருக்க முடியுமா? இங்கிலாந்து ஸ்டூவர்ட் அறிக்கைகள் இப்போதும் இணையத்தில் வருகின்றன, ஆங்கிலத்தில். அவர் தேடிப் போகப் போவதில்லை. அவருக்கு முதலில் தெரிய வேண்டியது, தன் கையில் இருக்கிற துண்டு எந்த விதியில் ஓடுகிறது என்பது.

இதை நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன், மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். 2015 செப்டெம்பரில் இங்கிலாந்தில் டொன்கஸ்டரில் சென்ட் லெஜர் என்ற பெரிய ரேஸ் நடந்தது. சிம்பிள் வேர்ஸ் என்ற பெண் குதிரை முதலில் வந்தது. இன்குவாரி வைத்து, இரண்டாவதாக வந்த பொண்டி பீச்சுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் மேல்முறையீடு செய்தார்கள், பதினொரு நாள் கழித்து விசாரணைக் குழு ஸ்டூவர்ட் முடிவை மாற்றி சிம்பிள் வேர்ஸுக்கே திருப்பிக் கொடுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது, கதவு இருந்தது, தட்டினார்கள், திறந்தது. மாஸ்டர் சொல்கிற மாதிரியே. ஆனால் பந்தயம் வைத்தவனுக்கு? அங்கே ஜொக்கிகள் திரும்பி வந்து நிறுத்த பிறகு "வெயிட் இன்" என்று அறிவிப்பார்கள், அந்த நேரத்து முடிவுதான் பந்தயக் கணக்குக்கு இறுதி. அப்புறம் என்ன மாறினாலும் துண்டுக்கு அது பொருந்தாது. முதலில் கோட்டைக் கடந்த குதிரைக்கும் காசு தருவோம் என்று தாங்களாகவே சொல்லியிருந்த கடைகளில் வைத்தவர்களுக்கு மட்டும் தப்பித்தது. ஆக, கிண்ணமும் பரிசுப் பணமும் திரும்பி வந்தது, துண்டு வைத்திருந்தவனுக்கு ஒன்றும் வரவில்லை.

இந்த விதி நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல வரவில்லை. துண்டு வாங்குகிற ஆளுக்கு இது முன்கூட்டியே தெரிய வேண்டும். எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் சுவர் முழுக்கக் குதிரைப் படம், விதி என்று ஒரு தாள் கிடையாது. குதிரையைத் தள்ளினால் என்ன, இரண்டு குதிரை சமமாக வந்தால் எப்படிப் பிரிப்பார்கள், ஓடாமல் விலகினால் காசு திரும்புமா, இதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டி வைக்க எவ்வளவு செலவாகும்? பாதி வீட்டுச் சம்பளத்தைக் கொண்டுபோய் வைக்கிறவன் எதில் வைக்கிறோம் என்று தெரிந்து வைக்கட்டும். தெரிந்தால் சிலர் வைக்காமலே வந்துவிடுவார்கள் என்பதும் என் நம்பிக்கை.

"எல்லாம் கள்ள ரேஸ்" என்று என் வீட்டுக்காரரும் சொல்வார். சொல்லிவிட்டு மறுநாளும் போவார். கள்ளம் என்றால் அடுத்த தடவை அந்தக் கள்ளத்தில் தனக்கும் ஒரு பங்கு விழும், உள்விஷயம் தெரிந்த யாராவது டிப் கொடுப்பார்கள் என்று நினைப்பு. டிப் கொடுக்கிறேன் என்று காசு வாங்கினவர்களும் இருந்தார்கள். மூடி வைக்கிற இடத்தில்தான் அந்த ஆட்களுக்குப் பிழைப்பு. அதனால் அண்ணன்மார் கேட்கிற அறிக்கை, ரேஸ் பார்க்கவே வராத எங்களுக்கும் தேவைதான்.

சிங்கிள்ட்ரீ அடிவாரம்

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நான் கேள்வி கேட்டபோது வேலியோரத்தில் நிற்கிறவர்களை மட்டும்தான் நினைத்திருந்தேன், கடைச் சுவரில் விதி ஒட்டுவது எனக்குத் தோன்றவே இல்லை, அது முதல் கோரிக்கையாகவே போக வேண்டும்.

மாஸ்டர், யார் எந்தப் பக்கம் என்று வெளியிட வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எப்போது சொல்வது என்பதில், சூடு ஆறட்டும் என்று விடுவதற்கு எனக்குப் பயம் இருக்கிறது. ஆறட்டும் என்று விட்டால் அப்படியே போய்விடும், நம்ம ஊரில் நிறைய விஷயம் அப்படித்தான் போயிருக்கிறது. அதனால் அன்றைக்கு மைக்கில் இரண்டு வரி, என்ன குற்றம், எந்த இடத்தில், எந்தக் குதிரை பாதிக்கப்பட்டது என்று, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். விரிவான தாள் மறுநாள் காலைக்குள். இதற்கு நீங்கள் சம்மதிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு சிலர் தனியாக எனக்கு எழுதிக் கேட்டார்கள், வருஷத்துக்குச் சில நாள் நடக்கிற ரேஸுக்கு இவ்வளவு தேவையா என்று. நுவரெலியாவில் 1875இலிருந்து குதிரை ஓடுகிறது. கொழும்பில் 1950களில் ரேஸ் நின்று போனது, ஆனால் இந்த மலையில் இன்றைக்கும் ஏப்ரலில் கவர்னர்ஸ் கப் ரேஸ் என்றால் கந்தப்பளை, இராகலை, நானுஓயா எல்லா இடத்திலிருந்தும் சனம் பிள்ளைகுட்டியோடு வருகிறது, பந்தயம் வைக்கவே வைக்காத சனம், குதிரையைப் பார்க்க வருகிற சனம். இது நம்ம ஊர் விஷயம். நம்ம ஆட்கள்தான் லாயத்தில் வேலை செய்கிறார்கள், புல் வெட்டுகிறார்கள், வேலி கட்டுகிறார்கள். எங்களுக்குப் புரிகிற மாதிரி முடிவு சொல்லுங்கள் என்று கேட்பது பெரிய ஆசை இல்லை.

சீசனுக்கு முன்னால் ஒரு கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல், இன்னார் தவறு செய்தார் என்று ஒரு சொல்லும் இல்லாமல், கோரிக்கை மட்டும். பண்டாரவளைத் தம்பி, அந்த ஹொங்கொங் அறிக்கையில் ஒன்றை மாதிரிக்குத் தமிழில் எழுதித் தர முடியுமா? ஒரு ஓட்டத்துக்குப் போதும்.

பண்டாரவளை டு ஷாட்டின்

தருகிறேன் அண்ணா. ஒரு பக்கத்துக்குள் வரும். குதிரை இலக்கம், நடந்த இடம், கமரா கோணம், விதி இலக்கம், ஜொக்கி சொன்னது, முடிவு, இந்த வரிசையில் போடுகிறேன். வைத்தியர் பார்த்தது கடைசியில். சிங்களத்துக்கு என் நண்பன் ஒருவன் வெலிமடையில் இருக்கிறான், கேட்டால் எழுதித் தருவான்.

தலவாக்கலை பி.ரி. மாஸ்டர்

மறுநாள் காலை என்பதற்குச் சம்மதம். ஆட்சேபம் சொல்ல நேர எல்லையும் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் கடிதத்தில் வரட்டும், அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

பழைய சைஸ்

தம்பி, இன்னும் ஒன்றையும் சேர்த்துக்கொள். நேர் எதிர்க் கமரா கடைசி நேர்கோட்டுக்கு மட்டும் இருந்தால் போதாது. பாதிச் சில்லறை வேலை எல்லாம் அந்தப் பக்கத்து வளைவில்தான் நடக்கும், பனி இறங்கினால் அங்கே ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கத்தில் ஒரு கமராவும், பார்த்து எழுதி வைக்க ஓர் ஆளும் வேண்டும். அப்புறம் எடை நிறுக்கிற இடத்தில் வருகிற இலக்கம் வெளியே நிற்கிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி ஒரு பலகை. அதை மறக்காமல் எழுது. கையெழுத்துக்கு நான் வருகிறேன், லாயத்துப் பையன்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு.